எப்வொர்த் அடுக்களையும் தரங்கம்பாடி மடல்களும்

அவையோர் நன்கறிந்த புறநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு, பொன்முடியார் பாடியது. மகனைப் பெற்றுத் தருவது தாயின் கடமை என்று தொடங்கும் அப்பாட்டு, அவனைச் சான்றோனாக ஆக்கும் பொறுப்பைத் தந்தைக்கும், படைக்கருவி செய்து தரும் பொறுப்பைக் கொல்லனுக்கும், நல்வழி காட்டும் பொறுப்பை வேந்தனுக்கும், போர்க்களத்தில் யானையை வீழ்த்தித் திரும்பும் பொறுப்பை இளைஞனுக்கும் பகிர்ந்து தருகிறது. ஊரார் ஒவ்வொருவருக்கும் ஒரு கடன் வகுத்த அப்பட்டியலில், தாய்க்குச் செய்யவேண்டிய கடன் யாருடையது என்னும் வினா எழவேயில்லை. அதனைப் பாட்டின் குறையாகக் கொள்ளவேண்டுவதில்லை. புறத்திணையின் நோக்கம் வேறு. ஆயினும் பின்வந்த இலக்கியங்களும் தாயைப் போற்றின அளவிற்குத் தாயின் களைப்பைக் கேட்டறியவில்லை. தாய்மையைத் தெய்வமாக்கிவிட்டால் பிறகு அதற்குக் களைப்பு வரலாகாது என்று ஓர் எழுதாச் சட்டம் பிறந்துவிடுகிறது போலும்.

உடற்களைப்பு ஒன்று, உள்ளம் களைத்துப் போவது வேறொன்று. பகலெல்லாம் உழைத்தவள் இரவில் உறங்கி எழுந்தால் முன்னது தீரும். பின்னது உறக்கத்தால் தீர்வதன்று. குழந்தை அழும்போது எழுந்து செல்லக் கால் இருந்தும் மனம் எழாத நிலை அது. அந்நிலையில் உள்ள ஒரு தாய்க்குக் கிறித்தவச் சமயநம்பிக்கை எவ்வகையில் ஆறுதலாயிற்று என்பதே இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள். பொதுப்பட விரித்தால் அது திருக்கோயில் மேடைக்குரிய பேச்சாகிவிடும். ஆதலின் ஒரே ஒருத்தியின் வாழ்வை, அவரே எழுதிவைத்த கடிதங்களின் துணையோடு நோக்குவது தகும். அவர் இங்கிலாந்து நாட்டவர். பெயர் சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லிக்கும், பல்லாயிரம் ஞானப்பாட்டுகளை இயற்றிய சார்லஸ் வெஸ்லிக்கும் தாய் என்றே உலகம் அவரை அறியும். ஒரு பெண்ணை அவர் பெற்ற மக்களின் பெயரால் மட்டும் அறிவது எவ்வளவு குறைபட்ட அறிவு என்பதும் இவ்வுரையின் போக்கில் விளங்கும். தமிழ் வட்டம் ஒன்றில் அவரைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்னும் வினாவிற்கு விடை சற்றுப் பின்னர் வரும்; அது தரங்கம்பாடிக் கடற்கரையிலிருந்து வரும்.

சூசன்னா 1669-இல் இலண்டனில் பிறந்தார். தந்தை சாமுவேல் ஆனெஸ்லி, அரசு சார்ந்த திருச்சபையினின்று விலகி நின்ற புகழ்பெற்ற போதகர். அவருடைய மக்களுள் சூசன்னா இருபத்தைந்தாமவர். கல்வி நிறைந்த வீடு. பதின்மூன்றாம் அகவையளவிலேயே இருதிறத்து வாதங்களையும் ஆராய்ந்து, தந்தையின் கூட்டத்தை விட்டு இங்கிலாந்துத் திருச்சபையில் சேர்வதென முடிவு செய்தவர் அவர். 1688-இல் சாமுவேல் வெஸ்லி என்னும் இளங்குருவை மணந்தார். சாமுவேல் நல்ல கவிஞர், நிறையக் கற்றவர். பணத்தை ஆளத் தெரியாதவர். லிங்கன்ஷயரில் ஆக்ஸ்ஹோம் தீவு என வழங்கும் சதுப்பு நிலப்பகுதியில் எப்வொர்த் என்னும் சிற்றூருக்கு அவர் குருவாக வந்தார். நாற்புறமும் சேறும் நீரும். படிப்பறிவு மிகாத மக்கள். புதிய குருவின் கண்டிப்பை விரும்பாத ஊர்.

பிள்ளைகள் பத்தொன்பது பேர் பிறந்தனர் என்பர். ஒன்பது பேர் மழலைப் பருவத்திலேயே மறைந்தனர். பத்துப் பேர் வளர்ந்து ஆளாயினர். இவ்வெண்களை வரலாற்று நூல்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடும். இருபது ஆண்டுகளுக்குள் பத்தொன்பது பிள்ளைகளைச் சுமந்து பெற்ற உடம்பையும், ஒன்பது சிறு சவக்குழிகளின் அருகே நின்ற உள்ளத்தையும் அந்த ஒரு வரி தாங்குமா?

1705-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது ஒன்றே போதும். அவ்வாண்டு நாடாளுமன்றத் தேர்தல். சாமுவேல் ஊராருக்குப் பிடிக்காத பக்கத்தை ஆதரித்தார். சினங்கொண்ட கூட்டம் இரவெல்லாம் குருமனையின் சாளரத்தருகே முரசடித்தும் கைத்துப்பாக்கி வெடித்தும் ஆரவாரம் செய்தது. உள்ளே சூசன்னா பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆன நிலையில் படுத்திருந்தார். குழந்தையைத் தெருவின் எதிர்வீட்டில் இருந்த செவிலி ஒருத்தியிடம் ஒப்படைத்திருந்தனர். ஆரவாரத்தால் நெடுநேரம் விழித்திருந்த அவள், விடியுமுன் அயர்ந்து உறங்கியபோது அறியாமல் குழந்தையின்மேல் புரண்டுவிட்டாள். விழித்துப் பார்த்து அலறி ஓடிவந்து, உயிரற்ற அந்த உடலைத் தாயின் கைகளில் போட்டாள். தூக்கத்தினின்று முழுதும் விழிக்காத தாய். அச்செய்தியைச் சாமுவேல் யார்க் பேராயருக்கு எழுதிய கடிதத்தில் காணலாம். அடுத்த சில வாரங்களில், முப்பது பவுனுக்கும் குறைந்த கடனுக்காகச் சாமுவேலை லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்தனர். சூசன்னா தம் விரல் மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார். சாமுவேல் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பேராயர் ஜான் ஷார்ப் நல்லவர். அவர் சூசன்னாவைப் பார்த்து, உணவின்றி இருந்தது உண்டா என்று நேராகவே கேட்டார். உணவு முற்றிலும் இல்லாமற் போனதில்லை என்றார் அவர். ஆனால் அதனைப் பெறுவதற்குமுன் பட்ட கவலையும், உண்டபின் அதற்குப் பணம் கொடுக்கப் பட்ட கவலையும் சேர்ந்து அந்த உணவைக் கசக்கச் செய்தன என்றும், இவ்வாறு உண்பது உணவே இல்லாமைக்கு அடுத்த நிலைத் துன்பம் என்றும் விடை கூறினார். முறையிடுகிற தொனி அதில் இல்லை, மறைப்பும் இல்லை. ஒரு நல்ல உரைநடையாசிரியரின் அளந்த சொற்கள் அவை. களைப்பை மிகைப்படுத்தாமலும் குறைத்துரைக்காமலும் சொல்ல வல்லவர் சூசன்னா என்பதற்கு இந்த விடையே சான்று.

1709 பிப்ரவரி 9-ஆம் நாள் நள்ளிரவில் குருமனை தீப்பற்றி எரிந்தது. சூசன்னா அப்போது நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பவதி. பிறரைப்போல் சாளரத்தின்வழி ஏறிக் குதிக்க இயலாதவர், தெருக்கதவுப் பக்கம் செல்லப் பலமுறை முயன்றும் தழல் பின்னுக்குத் தள்ள, இறுதியில் தீயினூடே நடந்தே வெளிவந்தார். முகமும் கையும் காந்தின. மேல்மாடியில் தங்கிவிட்ட ஐந்து அகவை ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று சாளரத்தின்வழி இறக்கினர் ஊரார். மகன் உயிர்பிழைத்த இக்காட்சி பல படங்களிலும் இடம்பெற்றுப் புகழ்பெற்றது. தாய் தீயினூடே நடந்த காட்சியை அவ்வளவு பேர் வரையவில்லை.

தீயினும் கொடிதாயிற்று அதன் பின்விளைவு. வீடு மீண்டும் எழும்வரை பிள்ளைகளைப் பல இல்லங்களில் பிரித்துத் தங்கவைக்க நேர்ந்தது. அவர்கள் திரும்பியபோது பேச்சு மாறியிருந்தது, பழக்கம் மாறியிருந்தது. ஆண்டுக்கணக்கில் பொறுமையாகக் கட்டியது சில மாதங்களில் சிதைந்துகிடந்தது. தாய்மார் பலர் சோர்ந்து அமர்வது இவ்விடத்தில்தான். முதன்முறை கட்டுவதற்கு ஆர்வம் கைகொடுக்கும். இடிந்ததை இரண்டாம்முறை கட்டுவதற்கு எது கைகொடுக்கும்?

சூசன்னாவிற்கு நாள்தோறும் தனித்திருக்கும் நேரம் என ஒன்று இருந்தது. காலை, நண்பகல், மாலை எனப் பொழுது குறித்துத் தம் தியானங்களைச் சிறு குறிப்பேடுகளில் எழுதிவந்தார். அவற்றுள் எஞ்சியவை அவருடைய கடிதங்களோடு 1997-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பாக ஒரே தொகுதியில் வெளிவந்தன. பிள்ளைகள் சூழ்ந்த அறையிலே தம் மேலங்கியைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு இறைவனோடு பேசுவார். அதைக் கண்டதும் பிள்ளைகள் வாய்மூடிவிடுவர் என ஒரு கதை பெரிதும் வழங்குகிறது. அது பின்வந்தோர் சொல்லிச் சொல்லி வளர்த்த செய்தியாகவே தோன்றுகிறது. குறிப்பேடுகள் காட்டும் உண்மை அதனினும் சுவையானது. பிறர் பார்வையில் ஒரு நாளில் எத்தனையோ பேருக்கு அவர் தாய், மனைவி, ஆசிரியை, வீட்டுத்தலைவி. அந்தத் தாளின்முன் அவர் ஓர் ஆன்மா மட்டுமே. தம்மையே முன்னிலையாக வைத்து வினவுகிறார், கண்டிக்கிறார், தேற்றுகிறார். யாருக்கும் தாயாக இருக்கவேண்டாத ஒரு பொழுதைச் சமயம் அவருக்குப் பெற்றுத் தந்தது. அந்நாளில் வேறெந்தப் பெயர் சொல்லியும் ஒரு பெண் அப்பொழுதைக் கேட்டுப் பெற்றிருக்க முடியாது. கணவர் மறுக்க இயலாத ஒரே உரிமை அது.

அவர் கையிலிருந்த திருமறையில் களைத்த தாய்மார் இல்லாமலில்லை. ஆகாரின் கதையைக் கிறித்தவர் அல்லாதாரும் அறிந்திருத்தல் கூடும். ஆபிரகாமின் வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட அடிமைப்பெண், மகனோடு பாலைவனத்தில் அலைகிறாள். துருத்தியில் நீர் தீர்ந்தது. பிள்ளையை ஒரு செடியின் கீழே விட்டு, அம்பு பாயும் தொலைவு விலகிச் சென்று, முகத்தை அப்புறம் வைத்து அமர்ந்து அழுகிறாள். அவன் சாவதைக் காணும் வலிமை அவளுக்கு இல்லை. பிள்ளையை விட்டு விலகிப்போன தாய் என்று அவளைக் கடிவார் எவரும் அக்கதையில் இல்லை. வானிலிருந்து வந்த குரல் அவளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறது. பின்னர் அவள் கண்கள் திறக்க, அருகே ஒரு கிணறு தெரிகிறது. புதிதாகத் தோண்டியதென நூல் கூறவில்லை. இருந்த கிணறு களைப்பினால் தெரியாதிருந்தது என்று கொள்ள அவ்விடம் இடந்தருகிறது.

அன்னாளின் கதை இன்னும் நுட்பமானது. பிள்ளைப்பேறின்றி நொந்தவள் திருக்கோயிலில் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொள்கிறாள். குருவாகிய ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் எனத் தவறாக எண்ணுகிறார். அவள் பணிவோடு விளக்கம் சொல்லி, ஆசி பெற்று, எழுந்து போய் உண்கிறாள்; அதற்குப்பின் அவள் முகம் வாடியிருக்கவில்லை என்கிறது நூல். மகன் பிறந்தது அதற்கு வெகுநாள் கழித்தே. கேட்டது கிடைக்குமுன்னரே ஆறுதல் வந்துவிட்டது என்பதைக் கதை சொல்பவர் ஒரு சிறு தொடரில் வைத்துவிட்டுப் போகிறார்.

தமிழ்த் திருமறையில் ஒரு சொல் உண்டு: கறவலாடு. மேய்ப்பன் மந்தையை நடத்திச் செல்லும் முறையைச் சொல்லும் ஏசாயாவின் பகுதியில் அது வருகிறது. குட்டிகளைச் சுமந்து செல்பவன், பால்தரும் தாயாடுகளை விரட்டாமல் மெல்ல நடத்துகிறான். மந்தையின் வேகத்தை வலிய ஆடுகளைக் கொண்டு அளக்காமல் கறவலாட்டின் நடையைக் கொண்டு அளக்கும் மேய்ப்பன்! ஆடுமேய்ப்போர் பேச்சிலிருந்து அச்சொல்லை எடுத்தாண்ட மொழிபெயர்ப்பாளர்க்குத் தமிழ்க் கிறித்தவத் தாய்மார் பெரிதும் கடன்பட்டவர். வீரமாமுனிவர் சிலுவையடியில் நின்ற மரியாளின் துயரை ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ எனப் பாடியதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தேற்றரவு கேட்டு வருபவள்முன் தானே அழுத ஒரு தாயை நிறுத்துவது, அழாதே என்று சொல்வதினும் பெரிய ஆறுதல்.

மீண்டும் எப்வொர்த்துக்கு வருவோம். 1711-ஆம் ஆண்டின் இறுதியில் சாமுவேல் குருமார் மாமன்றத்திற்காக இலண்டன் சென்று நெடுநாள் தங்கிவிட்டார். வீட்டில் பிள்ளைகள், மழலைப் பருவம் நீங்காத கெசியா, குளிர்காலம். ஒரு நாள் மூத்த மகள் எமிலியா தந்தையின் படிப்பறையில் ஒரு நூலைக் கண்டெடுத்தாள். தென்னிந்தியாவில் தரங்கம்பாடியில் தொண்டாற்றிவந்த டேனிய மிஷனெரிமார் இருவரைப் பற்றிய நூல் அது. பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளூட்சோவும் 1706 ஜூலை 9-ஆம் நாள் அக்கரையில் இறங்கியவர்கள். சீகன்பால்கு திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். டேனிய ஆளுநனாலேயே சிறைவைக்கப்பட்டவர். 1708-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியவர். ஜெர்மானிய மொழியில் அவர்கள் அனுப்பிய மடல்கள் 1709 முதல் ஆங்கிலத்திலும் வெளிவந்தன.

அந்த நூலைத் தமக்குப் படித்துக்காட்டுமாறு சூசன்னா மகளிடம் சொன்னார். எமிலியாவால் அதைத் தங்குதடையின்றிப் படிக்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நன்றாகப் படிக்கக் கற்றுக்கொள்ளும்வரை எந்தப் பெண்குழந்தையையும் தையல் முதலிய கைவேலையில் அமர்த்தலாகாது என்பது அவ்வீட்டின் விதிகளுள் ஒன்று. தாய் விதித்த விதி, தாய்க்கே அன்று பயன்பட்டது.

1712 பிப்ரவரி 6-ஆம் நாள் கணவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் சூசன்னா அன்று நிகழ்ந்ததை விவரிக்கிறார். அதற்குமுன் வேறெதுவும் தம்மை அவ்வளவு உருக்கியதில்லை என்றும், பல நாள் அதைத் தவிர வேறெதையும் நினைக்கவோ பேசவோ இயலவில்லை என்றும் குறிப்பிடுகிறார். தாம் ஆண் அல்லர், குருவும் அல்லர். அவர்களைப்போல் கடல்கடந்து செல்ல வழியில்லை. ஆயினும் இப்போது செய்வதினும் சற்றுக் கூடுதலாகச் செய்யலாம் என அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுகிறது. தம் பிள்ளைகளிடமிருந்தே தொடங்குவது என முடிவு செய்கிறார். ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையோடு தனியே அமர்ந்து அதன் உள்ளத்துக்கு இன்றியமையாதவற்றைப் பேசுவது என வகுக்கிறார். திங்கள் மோலிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, புதன் நான்சிக்கு, வியாழன் ஜானுக்கு, வெள்ளி பாட்டிக்கு, சனி சார்லசுக்கு, ஞாயிறு எமிலியாவுக்கும் சூக்கிக்கும்.

களைத்த ஒருவர் ஓய்வு தேடாமல் இன்னொரு வேலையைத் தலைமேல் ஏற்றிக்கொண்டார் என்று இதனைக் கொள்வது எளிது. கூர்ந்து நோக்கினால் நிகழ்ந்தது வேறு. அதுவரை பிள்ளைகள் ஒரு கூட்டம். நாள்தோறும் ஆறுமணி நேரம் பாடம், ஒரே மேசை, ஒரே ஒழுங்கு. கூட்டத்தை மேய்க்கும்போது களைப்பு மட்டுமே திரும்பி வரும். ஒரே ஒரு முகத்தின்முன் அமரும்போது அங்கிருந்தும் ஏதோ ஒன்று தாயை நோக்கி வரத் தொடங்குகிறது. இன்னொன்றும் உண்டு. இப்பிள்ளைகள் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட தாலந்துகள் என்னும் கருத்தை அக்கடிதத்தில் சூசன்னா அழுத்திச் சொல்கிறார். பொருள் தம்முடையது என்று எண்ணுபவர்க்கு இழப்பின் அச்சம் தீராது. பிறர் பொருளைக் காப்பவர்க்குக் காக்கும் கடமை உண்டு. உடைமையின் பாரம் இல்லை. தரங்கம்பாடியில் மணலில் எழுத்துப் பயின்ற இளைஞரும், லிங்கன்ஷயரின் சேற்றுநிலத்தில் பிள்ளை வளர்த்த தாயும் ஒரே பணியின் இரு முனைகளில் நிற்பதாக அவருக்குத் தோன்றியிருத்தல் வேண்டும். தனிமையுற்ற தாய்க்குத் தம் வேலை உலகத்தின் பெருவேலையோடு இணைந்தது என்று தெரிவது எத்துணை ஆறுதல்! சீகன்பால்கு அம்மடல்களை ஐரோப்பாவில் இருந்த ஆதரவாளர்க்கே எழுதினார். அவை ஓர் அடுக்களையில் அனல் மூட்டும் என்று எண்ணி எழுதினாரல்லர்.

அனல் அடுக்களையோடும் நிற்கவில்லை. ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் சூசன்னா அருளுரை படித்து வேண்டுதல் செய்துவந்தார். அயலார் ஓரிருவர் வந்தனர். முப்பது, நாற்பது ஆயினர். கடிதம் எழுதுவதற்கு முந்திய ஞாயிறன்று இருநூற்றுக்கு மேற்பட்டோர் திரண்டு, நிற்க இடமின்றிப் பலர் திரும்பினர். துணைக்குரு பொறுக்கமாட்டாமல் இலண்டனுக்குப் புகார் அனுப்பினார். ஒரு பெண் இதனைச் செய்வது விந்தையாகத் தோன்றும் எனக் கணவர் எழுதினார். வேறொருவரைப் படிக்கச் சொல்லலாமே என்றும் கேட்டார். எழுத்துக்கூட்டாமல் ஓர் அருளுரையைப் படிக்க வல்ல ஆடவர் இங்கு எவருமில்லை என விடை வந்தது. அம்மாத இறுதியில் எழுதிய மற்றொரு கடிதத்தின் முடிவு இன்னும் உறுதியானது. இதனை நிறுத்தவேண்டும் என விரும்புகிறேன் என்று எழுதினால் போதாது. தெளிவான ஆணையாகவே அனுப்புங்கள். நன்மை செய்யும் வாய்ப்பை விட்டதற்கு இறுதித் தீர்ப்புநாளில் நான் பொறுப்பாகாதிருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. சாமுவேல் ஆணை எதுவும் அனுப்பவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் சிறைக்கு மோதிரம் அனுப்பிய பெண்தான் இவர்.

இவ்விடத்தில் நிறுத்தினால் சூசன்னா குறையற்ற ஒரு பதுமையாகிவிடுவார். அவர் அத்தகையவர் அல்லர். ஓர் ஆண்டு நிரம்பியதுமே, சில வேளை அதற்கு முன்பே, குழந்தை கோலுக்கு அஞ்சவும், அழுதால் ஓசையின்றி அழவும் கற்பிக்கப்பட்டதென அவரே 1732-இல் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் பெருமிதத்தோடு கூறுகிறார். இக்காலத்தவர்க்கு அது நெஞ்சை உறுத்தும்; உறுத்தவும் வேண்டும். அதே கடிதத்தில், இளமையின் சிறந்த பகுதியில் இருபது ஆண்டுக்கு மேற்பட்டதை உலகத்தைத் துறந்தவர்போல் பிள்ளைகளின் உயிர்மீட்சிக்கே செலவிட முன்வருவோர் மிகச் சிலர் என்று ஒரு வரி வருகிறது. வெளிப்பார்வைக்கு அது முறையின் விளக்கம். உள்ளே செவிகொடுத்தால் ஒரு நெடுங்களைப்பின் மூச்சு கேட்கும்.

ஹெட்டியின் துயரம் தனியே சொல்லத்தக்கது. பெண்மக்களுள் அறிவில் சிறந்தவள், கவிபாடும் ஆற்றல் வாய்த்தவள். 1725-இல் தான் நம்பிய ஒருவனோடு வீட்டை விட்டுச் சென்று, கைவிடப்பட்டுத் திரும்பினாள். தந்தை மன்னிக்கவில்லை, தனக்குச் சற்றும் ஒவ்வாத ஒருவனுக்கு விரைந்து மனைவியாக்கப்பட்டாள், பெற்ற குழந்தைகளையும் பறிகொடுத்தாள். ஜான் மறுஆண்டு அன்பின் கடமை பற்றி ஓர் அருளுரை ஆற்றினான். அது ஹெட்டிக்காகவே எழுதப்பட்டது என உடனே கண்டுகொண்டவர் தாய். கண்டுகொண்டாரே தவிர, மகளைத் தழுவிக்கொள்ள அவர்க்கும் மனம் விரைந்து இளகவில்லை. செவ்வாய்க்கிழமை இரவுகளில் தனியே அமர்ந்து பேசிய அதே மகள் அவள். ஒப்படைக்கப்பட்ட பொருள் என்னும் எண்ணம் சுமையைக் குறைத்ததோடு, கணக்குக் கொடுக்கவேண்டுமே என்னும் அச்சத்தையும் அவருள் விதைத்திருந்தது. அந்த அச்சமே அன்பின் கையைப் பிடித்துக்கொண்டது எனலாம். கடமையின் வழியே வரும் ஆறுதலுக்கு இந்த எல்லை உண்டு. களைப்பை அது தாங்கச் செய்யும்; தோல்வியைத் தாங்கச் செய்யாது.

வியாழக்கிழமை மட்டும் ஒருவன் நெஞ்சில் அழியாது நின்றது. 1732-இல், ஆக்ஸ்போர்டில் ஆசிரியனாக இருந்த ஜான், வளர்ந்த மகன், தாய்க்கு எழுதிய மடலில், முன்னாளில் வியாழன் மாலைகளில் தனக்கென ஒதுக்கிய அச்சிறு பொழுதை இப்போதும் வேறுவகையில் தந்தருளலாகாதா என்று கேட்டான். இருபது ஆண்டு கழித்து வந்த நன்றி. பெரும்பாலான தாய்மார்க்கு அவ்வளவும் வருவதில்லை.

1735-இல் சாமுவேல் மறைந்தார். குருமனை கைவிட்டுப் போயிற்று. பிள்ளைகள் வீடுகளில் மாறி மாறித் தங்கிய சூசன்னா, 1739 முதல் இலண்டனில் பவுண்டரி என்னும் பழைய வார்ப்பட ஆலையில் ஜான் அமைத்த இருப்பிடத்தில் வாழ்ந்தார். எழுபது அகவை எட்டியவர். 1739 செப்டம்பர் 3-ஆம் நாள் ஜான் தன் நாட்குறிப்பில் தாய் கூறிய ஒன்றைப் பதிந்துள்ளான். ஒருவர் தம் பாவம் மன்னிக்கப்பட்டதென்னும் உறுதியை இம்மையிலேயே பெறுவது எல்லா நம்பிக்கையாளர்க்கும் பொதுவான பேறு என்று தாம் அதுவரை நினைத்ததில்லை என்றாராம் சூசன்னா; அது அரிதாக ஒரு சிலர்க்கே வாய்ப்பது என்றிருந்தாராம். இரண்டு மூன்று வாரங்களுக்குமுன், மருமகன் திருவிருந்தின் கிண்ணத்தைக் கையில் தந்து அதற்குரிய சொற்களைச் சொன்னபோது, அச்சொற்கள் தம் நெஞ்சைத் தைத்துத் தமக்கு மன்னிப்பு உண்டென்பது தெளிவாயிற்று என்றாராம்.

இருபதாண்டு பிள்ளைகளுக்கு மறை கற்பித்தவர். இருநூறு பேருக்கு அருளுரை படித்தவர். ஆயிரக்கணக்கானோரைத் தட்டியெழுப்பிய மைந்தரைப் பெற்றவர். எல்லாருக்கும் ஊட்டிய கைக்கு ஒருவர் ஊட்டும் நேரம் எழுபதாம் அகவையில் வந்தது. அப்போது அவரிடம் கணக்கு எதுவும் கேட்கப்படவில்லை. ஹெட்டியைப் பற்றியும், இறந்த ஒன்பது பேரைப் பற்றியும், தீக்குப்பின் சிதைந்த ஒழுங்கைப் பற்றியும் யாரும் வினவவில்லை. ஒரு துண்டு அப்பமும் ஒரு மிடறு இரசமும் நீட்டப்பட்டன, அவர் வாங்கிக்கொண்டார். வாழ்நாள் முழுதும் அவரைத் தாங்கிய நம்பிக்கை ஒரு கைத்தடி போன்றது, நடக்கத் துணைசெய்தது. இது அமர்வதற்கு ஓர் இருக்கை.

தாய்மார்க்குச் சமயம் கூறும் ஆறுதல் பெரும்பாலும் முதல்வகையோடு நின்றுவிடுவதைக் காண்கிறோம். பொறுத்துக்கொள், உன் பணி புனிதமானது, பலன் உண்டு என்பனவெல்லாம் கைத்தடிகளே. தேவைதான். ஆனால் களைத்தவளை மேலும் நடக்கச் சொல்லும் சொற்களே அவை. நீ நன்றாக வளர்த்தாயா இல்லையா என்பதற்கு அப்பால் நீ ஏற்றுக்கொள்ளப்பட்டவள் என்னும் சொல் அரிதாகவே தாய்மார் செவியில் விழுகிறது. கிறித்தவம் அருள் என்று சொல்வது அதனையே. அச்சமயத்தின் நடுநாயகமான சொல் தாயின் செவிக்கு மட்டும் தாமதமாக வந்து சேர்வது ஏன் என்பது சமய அறிஞர் சிந்திக்கவேண்டிய வினா.

1742 ஜூலை 23-ஆம் நாள் சூசன்னா இறந்தார். ஜானும் பெண்மக்கள் ஐவரும் கட்டிலைச் சூழ்ந்து நின்றனர். பேச்சு அடங்குமுன், தாம் விடுதலை பெற்றவுடன் இறைவனுக்கு நன்றிப்பாடல் ஒன்று பாடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அழுதால் ஓசையின்றி அழக் கற்றுத்தந்த தாய், இறுதியில் வாய்விட்டுப் பாடச் சொன்னார். அவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றவாறே பாடினர்.